ஆவுடையின் மேல் செட்டு

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள்.

உள்ளே போனது உங்கள் வீட்டம்மாவா? மிச்சப் பல்லையும் எடுக்கவா? எடுத்துவிட்டுப் பஞ்சு வைப்பார்கள். அதைக் கடித்துக்கொண்டு பின்னறையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். உடனே வெளியே விடமாட்டார்கள். இங்கே எதுவும் உடனே நடக்காது. கதவு திறக்கும்போது வந்தவன் நான். இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கும் செட்டா? இரண்டு பேருக்கும் சேர்த்தேவா?

சரி.

அப்படியானால் ஒன்று சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போடாதீர்கள். அவ்வளவுதான்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? இந்தச் சம்படமா? தொடாதீர்கள், உள்ளே தண்ணீர் இருக்கிறது. தண்ணீருக்குள் பல் செட்டு. என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரியுடையது. ஆவுடையம்மாள். பங்குனியில் இறந்துபோய்விட்டாள். இதை என் வாய்க்குப் பொருத்தித் தரச் சொல்லி வந்திருக்கிறேன். இதோடு மூன்றாவது தடவை. டாக்டர் பெண் முடியாது என்கிறது. இன்றைக்கு முடித்துக்கொண்டுதான் போவேன். இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு என் மருமகள் வந்துவிடுவாள். அவள் வரக்கூடாது.

ஏன் வரக்கூடாதா? முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். உங்களுக்கும் இப்போது வேலை இல்லை. எனக்கும் இல்லை.

எங்களுக்கும் சேர்த்துத்தான் செய்தது. மகன் சைலப்பன் ஏற்பாடு. இரண்டு பேருக்கும் மேல்வரிசை சுத்தமாகப் போய்விட்டது. கீழே ஏதோ கொஞ்சம் கிடந்தது, அது போதும் என்று விட்டுவிட்டோம். பல் போன பிறகு ஆவுடை வெளியே இறங்கமாட்டாள். வாசலில் யார் குரலாவது கேட்டால் முந்தானை வாய்க்குப் போய்விடும். கல்யாண வீடு, சடங்கு வீடு, எதற்குக் கூப்பிட்டாலும் தலைவலி என்பாள். இரண்டு வருஷம் தலைவலி. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதையும் போடமாட்டாள்.

எனக்கு அந்தக் கவலை எல்லாம் கிடையாது. பல் இருந்தபோதே நான் சிரித்தது இல்லை.

அச்சு எடுப்பார்கள், தெரியுமா? ஒரு தட்டில் களி மாதிரி குழைத்து வைத்து வாய்க்குள் அமுக்குவார்கள். அசையக்கூடாது. மூக்கால் மூச்சு விட வேண்டும். எனக்கு ஒரே தடவைதான். அவளுக்கு ஓங்கரிப்பு. வைப்பார்கள், ஓங்கரிப்பாள், எடுப்பார்கள். மறுபடி குழைப்பார்கள். நான் இதோ இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "இன்னுமா முடியல?" என்று கேட்டேன். டாக்டர் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஐயா, நீங்க சத்தம் போடப் போட அவங்களுக்கு ஓங்கரிப்புக் கூடுது" என்றது. நான் எங்கே சத்தம் போட்டேன்? பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.

அப்புறம் மெழுகில் பல்லை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் ஒருநாள் செட்டு வரும். முதலில் வாய் நிறைய யாரோ கல்லைப் போட்ட மாதிரி இருக்கும். எச்சில் ஊறும். ஈறு ஒரு பக்கம் புண்ணாகும். வந்தால் அந்த இடத்தை லேசாக இழைத்துக் கொடுப்பார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டும். பேப்பரை எடுத்துச் சத்தமாகப் படியுங்கள், நாக்கு பழகிவிடும். இரண்டு பக்கமும் வைத்து மெல்லுங்கள். முன்பல்லால் கொய்யாக்காயைக் கடிக்காதீர்கள். நான் கடித்தேன். செட்டு காயோடு கையில் வந்துவிட்டது.

ஆவுடைக்கு அன்றைக்கே பழகிவிட்டது. இங்கேயிருந்து பஸ்ஸில் போகும்போதே முந்தானை மடியில் கிடந்தது. ஊரில் இறங்கினோம். நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். அன்றைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நிற்கிறாள். "என்ன மதினி, நல்லா இருக்கியளா? பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சாமே, வர முடியல, தலவலி." எனக்கு முட்டு வலி. அவள் பாட்டுக்குப் பேசுகிறாள். ஒருத்தி, "என்னக்கா, புதுப் பொண்ணு கணக்கா வாரிய?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், அங்கே கொஞ்ச நேரம்.

இரண்டு வருஷத்துப் பேச்சும் சேர்ந்து வந்தது. காலையில் எழுந்தால் பேச்சு. சோறு போடும்போது பேச்சு. "ஏட்டி, அதக் கழத்தி வையி. காதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு" என்பேன். உடனே கழற்றிவிடுவாள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொக்கை வாயோடு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அப்படிச் சிரிக்கிறது என் முன்னால் மட்டும்தான். மற்ற யார் முன்னாலும் கழற்றமாட்டாள். மகன் முன்னால்கூட. சொன்னால் கேட்கிறவள், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

கழுவி வைக்கிறது எல்லாம் அவள்தான். சட்டியில் தண்ணீர் வைத்து அதற்கு மேலே பிடித்துத்தான் தேய்ப்பாள். கை நழுவினாலும் தண்ணீரில்தான் விழும், உடையாது. மெத்தென்ற பிரஷ், குளிக்கிற சோப்பு. பற்பசை கூடாது, கீறிவிடும். சுடுதண்ணீர் கூடவே கூடாது, கோணிவிடும். காயவும் விடக்கூடாது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். இதெல்லாம் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். இல்லை, நீங்களும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் இரண்டு டப்பா கொடுத்திருந்தது. ஆளுக்கு ஒன்று. ஒன்றின் மூடி உடைந்துவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு டப்பா எதற்கு, ஒரே கிண்ணத்தில் போடு என்று நான்தான் சொன்னேன். "மாறிருமே" என்றாள். "மாறினா என்ன, அதுவும் கடிக்கத்தான செய்யும்?" என்றேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் கைக்கு எது யாருடையது என்று தெரியும். இருட்டிலேயே எடுத்துவிடுவாள். காலையில் என்னுடையதைக் கழுவி முதலில் எனக்குத் தருவாள். நான் கையை நீட்டுவேன். வரும். கிண்ணத்துக்குள்ளே நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

யாரைக் கூப்பிடுகிறாய்? திருமலைக்கொழுந்தா? நான்தான். அந்தப் பெரியம்மாவை முதலில் அனுப்பும்மா. கன்னம் வீங்கிக் கிடக்கிறது, பாவம். நான் இருக்கிறேன்.

என்ன நிர்வாகம் பாருங்கள். வரிசை என்று ஒன்று வேண்டாமா?

பங்குனியில் ஒருநாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். படுத்துக் கிடக்கிறாள். விடிந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. "ஏட்டி, எந்திரி. காப்பி போடலியா?" என்றேன். பதில் இல்லை. ஊமைக்கோபம் என்று நினைத்தேன். முந்தின நாள் ஏதோ பேச்சில் சத்தம் போட்டிருந்தேன். கட்டில் பக்கத்தில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், பல்லுக்கு.

நின்றுகொண்டே இருந்தேன்.

அப்புறம் எல்லாரும் வந்துவிட்டார்கள். மகன் வீடு அடுத்த தெரு. மருமகள் பெயர் முத்துச்செல்வி. நல்ல பெண்தான். ஓட்டமும் நடையுமாக எல்லாம் செய்தாள். குளிப்பாட்டினாள், மஞ்சள் பூசினாள், பட்டுச்சேலை எடுத்துக் கட்டினாள். தாடைக்குத் துணி கட்டப் போகிறார்கள். "இருங்க" என்றாளாம். "எங்க அத்தை பல்லில்லாம ஒருத்தர் முன்னாலயும் வந்ததில்ல. இன்னைக்கு ஊரே வரும். அவளுக்குப் பொறுக்குமா?" என்று சொல்லி அழுதுகொண்டே போய்க் கிண்ணத்துக்குள் கைவிட்டு எடுத்து வைத்தாளாம்.

இரண்டு செட்டு கிடக்கிறது. ஒன்றைப் பார்த்து எடுக்க வேண்டாமா? நல்லதுக்குத்தான் செய்தாள் என்பீர்கள். நல்லது செய்கிறவர்களுக்குக் கண் வேண்டும்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நான் வாசலில் பந்தல்காரனோடு மல்லுக்கு நின்றேன். உள்ளே கூப்பிட்டார்கள். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன்.

அது அவள் இல்லை.

மேலுதடு தூக்கிக்கொண்டு நின்றது. கன்னம் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. பல் நீளம் நீளமாக வெளியே தெரிகிறது. ஆனால் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும், "பெரியம்மா சிரிச்ச மேனிக்குப் போயிட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். "இது ஆவுடை இல்ல" என்றேன். யாரும் கேட்கவில்லை. "ஏய், இது அவ மூஞ்சி இல்ல, என்ன பண்ணினிய?" என்று கத்தினேன். இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒருத்தன் காப்பியை நீட்டினான், தள்ளிவிட்டேன். "செத்தா முகம் மாறத்தான் செய்யும், மாமா" என்று எனக்குப் பாடம் சொன்னான். உள்ளே யாரோ, "கிழவருக்குத் தாங்கல, புத்தி பெரண்டுட்டு" என்றார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இத்தனை வருஷம் ஒரு முகத்தைப் பார்த்தவனுக்குத் தெரியாதா? என்ன தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஆற்றங்கரைச் சுடுகாடு. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். போட்டேன். அரிசி பல்லில் பட்டு வெளியே சிதறியது. வாய்க்குள் போகவில்லை. "பரவாயில்ல, விடுங்க" என்றார்கள். விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்து, இலை போட்டார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை, நானும் பசிக்கிறது என்று உட்கார்ந்தேன். செல்வி கிண்ணத்தைக் கொண்டுவந்து, "மாமா, பல்லு" என்றாள். கையை நீட்டினேன். வந்தது. வாயில் வைத்தேன்.

நிற்கவில்லை.

சின்னதாக இருந்தது. பிள்ளைகள் செருப்பில் காலை நுழைத்த மாதிரி. எடுத்துப் பார்த்தேன். அரிசி அரிசியாகப் பல். அதற்கு முன்னால் அதை நான் கையில் பிடித்ததே இல்லை, ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஐஸ் பெட்டியில் நீள நீளப் பல்லாக அவள் வாயில் தெரிந்தது யாருடையது என்றும் தெரிந்துவிட்டது.

சுற்றிலும் சம்பந்தக்காரர்கள் இலையில் கைவைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பசிக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

இல்லை, யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல? சொன்னால் செல்வி அழுவாள். அவள் அழ ஆரம்பித்தால் வீட்டில் அடுப்பு எரியாது. துட்டி கேட்க வந்தவர்களிடம் எல்லாம், "அத்தைக்கு என் கையாலதான் பல்லு வச்சு அனுப்பினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் சொல்கிறாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. அந்தத் தெளிவு இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வீட்டில் சத்தம் ஆகாது. வேறு ஒன்றும் இல்லை.

அதிலிருந்து மகன் வீட்டில்தான் இருக்கிறேன், கரைத்த சோறுதான். செல்வி பிசைந்து பிசைந்து தருவாள். "ஏன் மாமா பல்லு வைக்க மாட்டேங்கிய?" என்று கேட்பாள். ஈறு வலிக்கிறது என்பேன். மகன், "எப்பா, உடம்பு வத்திட்டு, அதான் செட்டு லூசாயிருக்கும். டாக்டரப் பாத்துச் சரி பண்ணிட்டு வாங்க" என்பான். சரி சரி என்பேன். இப்படியே ஆடி வந்துவிட்டது. நேற்றைக்குச் சோற்றுச் சட்டியை நங்கென்று வைத்தாள். "மாமா, நாளைக்கு நீங்க பல்லோட வீட்டுக்கு வரணும். இல்லைன்னா மறுநாள் நானே கூட்டிட்டுப் போயி, என்ன ஏதுன்னு டாக்டரம்மாகிட்ட கேக்கேன்" என்றாள். சொன்னால் செய்வாள்.

வந்தால் என்ன ஆகும்? இந்த டாக்டர் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

முதல் தடவை நான் வந்தபோதே கண்டுபிடித்துவிட்டது. சம்படத்தைத் திறந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தது. "ஐயா, இது ஆவுடையம்மா செட்டுல்லா?" என்றது. "ஆமா" என்றேன். "அப்ப உங்களோடது?" "சுடுகாட்டுல." அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் ஆள் காத்திருக்கிறார்கள், இது உட்கார்ந்திருக்கிறது.

"ஒருத்தர் பல்ல இன்னொருத்தர் போடக் கூடாதுய்யா" என்றது. "ஏன், என் பல்லு அவ வாயில போகலியா?" என்றேன்.

"உங்களுக்குப் புதுசா செஞ்சு தாரேன். பழசு விழுந்து உடஞ்சு போச்சுன்னு வீட்டுல சொல்லிருங்க. இது பாட்டுக்கு உங்க பெட்டிக்குள்ள இருக்கட்டும்" என்றது.

நல்ல யோசனை என்பீர்கள். என்ன நல்ல யோசனை? ஒரு வாய்க்கு எதற்கு இரண்டு செட்டு? பெட்டியில் வைத்தால் காய்ந்து கோணிவிடும். தண்ணீரில் வைத்தால் செல்வி கண்ணில் படும். நாலு மாசம்கூட அவள் முழுசாகப் போடாத செட்டு. வீணாகப் போக வேண்டுமா? நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். எதுவும் எதிலும் பொருந்தும். பெரிசானால் இழைக்கலாம், சின்னதானால் தகடு வைக்கலாம். ஆட்டம் இல்லாமல் உட்கார வைக்கிறது செய்கிறவன் கையில் இருக்கிறது. அதைத்தான் சொன்னேன்.

அந்தப் பெண் என்ன செய்தது தெரியுமா? செட்டைக் குப்புறத் திருப்பி என் கையில் வைத்தது. "ஐயா, முன்னால வெள்ளையா இருக்கு பாத்தீங்களா, இது கடையில வாங்குற பல்லு. யாருக்கு வேணும்னாலும் வைக்கலாம். இந்த உள்பக்கம் இருக்குல்லா, அண்ணத்துல ஒட்டுற பக்கம், இதுதான் அவங்க. இந்த மேடு, இந்தப் பள்ளம், எல்லாம் அவங்க வாய்தான். வேற யாருக்கும் இப்படி இருக்காது. உங்களுக்குப் பொருத்தணும்னா முதல்ல இத இழைச்சுத் தள்ளணும். அதுக்குப் பெறகு உங்க அச்சு எடுத்து உள்ள ஊத்தணும். இழைச்சிட்டா இது அவங்களோடது இல்ல. யோசிச்சிட்டு வாங்க" என்றது.

யோசித்துக்கொண்டு இரண்டாவது தடவை வந்தேன். "யோசிச்சீங்களா?" என்றது. "என்னத்த யோசிக்க? இழை" என்றேன். "ஐயா, சம்படத்த விடாமப் பிடிச்சிருக்கீங்களே" என்றது. தண்ணீர் சிந்தினால் யார் துடைக்கிறது என்றுதான் பிடித்திருந்தேன். படித்தவர்களுக்கு இது தெரியவில்லை. அன்றைக்கும் திருப்பி அனுப்பிவிட்டது.

கழுவுகிறது இப்போது நான்தான். சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்கு மேலே பிடித்து. செல்வி எழுந்து வருவதற்கு முன்னால் முடித்துவிடுவேன். உள்பக்கம் நடுவில் குறுக்கே வரிவரியாக மேடு இருக்கிறது, விபூதிப் பட்டை மாதிரி. இடது பக்கம் ஒரு பள்ளம். அந்த இடத்துப் பல்தான் அவளை ரொம்ப நாள் படுத்தியது. கன்னத்தில் கிராம்பு அடக்கிக்கொண்டு திரிவாள். பிரஷ் அங்கே சரியாகப் போகாது. கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். மெதுவாகத் தேய்க்க வேண்டும். யாரும் போடாத பல்லில் என்ன அழுக்கு என்று கேட்காதீர்கள். தூசி படியும்.

என்னம்மா? மறுபடியுமா? அந்தப் பையனை அனுப்பு. வேலைக்குப் போகிற பையன், எத்தனை தடவை மணி பார்க்கிறான். போ தம்பி. நான் சும்மா இருக்கிற ஆள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

போட்டோ. போட்டோ இருக்கிறதா என்று கேட்டீர்களே. இல்லை, நீங்கள் கேட்கவில்லையோ? சரி. சுவரில் மாட்டியிருக்கிறான் மகன். ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிசு பண்ணியது. பல் இல்லாத காலத்தில் எடுத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ அதட்டின மாதிரி இருப்பாள். செட்டு போட்ட பிறகு ஒரு படம் எடுத்திருக்கலாம். "போட்டோ கடைக்குப் போவமா? சேந்து ஒண்ணு எடுப்போம்" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். வெயில் தாழட்டும் என்றேன்.

கண்ணை மூடினால் ஐஸ் பெட்டியில் இருந்த முகம்தான் வருகிறது. என் பல்லோடு. அதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று யோசித்தால் நெற்றி வருகிறது, மூக்குத்தி வருகிறது, வாய் வரும்போது என் பல் வந்துவிடுகிறது. தூக்கம் வராவிட்டால் இப்படி ஏதாவது தோன்றும். காரணம் ஒன்றும் இல்லை.

அதனால்தான் இந்தச் செட்டு வேண்டும் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். சாப்பிடத்தான். எனக்கு வடை தின்ன வேண்டும். உளுந்த வடை. அவ்வளவுதான்.

இனி யாரும் இல்லையா? இவரை வேண்டுமானால்... இவருக்கு அடுத்த வாரம்தானா.

சரி. வருகிறேன். சம்படத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். விடும்மா, எனக்குத் தெரியும்.

*

இன்னும் இருக்கிறீர்களா? அம்மா, நீங்கள் பேச வேண்டாம், பஞ்சைக் கடித்துக்கொண்டு இருங்கள். அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இப்படி உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். மகன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான்.

முடிந்துவிட்டது. பொருந்திவிட்டது. 'ச'வுக்குக் கொஞ்சம் விசில் அடிக்கிறது, கேட்கிறதா? போய்விடும். பின்னால் ஓரமெல்லாம் கூட்டி வளர்த்திருக்கிறது. ஆட்டம் இல்லை. நான்தான் சொன்னேனே, பொருந்தும் என்று.

போனதும் செல்வி சொன்னதைச் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தது. "நாளைக்கு மருமக வாராங்களா?" என்றது. "ஆமா" என்றேன். "நான் அவங்ககிட்ட பதமாச் சொல்லுதேன்யா. புரிஞ்சுக்குவாங்க" என்றது. "என்னத்தப் புரிஞ்சுக்குவா? பெத்த தாயி மாதிரி குளிப்பாட்டி அனுப்பினவ. அவகிட்டப் போயி நீ என்ன சொல்லுவ?" என்றேன். அதற்கப்புறம் அந்தப் பெண் வாதாடவில்லை. செட்டை எடுத்தது. "கடைசியா ஒரு தடவ பாக்கீங்களா?" என்று நீட்டியது. "பாத்ததுதான். ஆகட்டும்" என்றேன்.

சின்ன மிஷின். கொசு மாதிரி சத்தம். எத்தனையோ மிஷின் பக்கத்தில் நின்றவன், எனக்கு ஒன்றும் இல்லை. நடுவில் இருந்த வரி முதலில் போனது. அப்புறம் அந்த இடது பக்கத்துப் பள்ளம். ரோஸ் நிறத்தில் தூள் விழுந்தது, பச்சைத் துணியில். அந்தப் பெண் ஊதித் தள்ளப் போனது. "ஊதாத" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே கேட்டதா? துணியோடு மடித்துக் கையில் கொடுத்துவிட்டது. இதோ, பையில் இருக்கிறது. கீழே கொட்டினால் கூட்டுகிறவர்களுக்குத்தானே சிரமம்.

அப்புறம் என் அச்சு. களியை ஊற்றி உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அசையக்கூடாது, மூக்கால் மூச்சு. கண்ணில் தண்ணீராக வந்தது. அந்த மருந்து நெடி அப்படி. அந்தப் பெண் துடைத்துவிட்டது. அதன் கண்ணிலும் நெடி பட்டிருக்கிறது.

எல்லாம் முடிந்து வழவழப்பாக்கி, கழுவி, வாயில் வைத்துவிட்டது. கடிக்கச் சொன்னது. கடித்தேன். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "பாருங்கய்யா. சிரிங்க" என்றது.

நான் சிரிக்கிற ஆளா? சரி, கேட்கிறதே என்று சிரித்தேன். அரிசி அரிசியாகப் பல். அவளுடையதுதான். அதில் சந்தேகமே இல்லை.

வெளிச்சம் போதாது என்றேன். விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தது. கண்ணாடியைத் தள்ளிப் பிடித்தேன். கிட்டே பிடித்தேன். இந்தப் பக்கம் திரும்பினேன், அந்தப் பக்கம் திரும்பினேன். கண்ணாடி கழற்றிவிட்டுப் பார்த்தேன், மூக்குக் கண்ணாடியை. மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

"என்னய்யா தேடுதீங்க?" என்றது.

ஒன்றும் இல்லை என்றேன்.

நான்தான் இருந்தேன், அண்ணாச்சி. எப்படித் திருப்பினாலும் நான்தான்.